அணில் தெருவை அணைக்கும், குரங்கு நாட்டையே அணைக்குமா?

2021-ல் நம்ம ஊர் மின்துறை அமைச்சர் ஒருத்தர், கம்பியில அணில் ஓடுறதாலயும் கரண்ட் கட் ஆகுதுன்னு சொன்னார். ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் மீம்ஸ் பறந்துச்சு. நானும் நாலஞ்சு ஷேர் பண்ணேன். அப்புறம் ஈ.ஈ.ஈ. சேர்ந்து, செகண்ட் இயர்ல புரொடெக்‌ஷன் லேப் போனப்போதான் தெரிஞ்சது, அவர் சொன்னதுல தப்பே இல்லை. அணில், காக்கா, பல்லி எல்லாம் உலகம் முழுக்க மின்தடைக்கு உண்மையான காரணங்கள்தான். இரண்டு கம்பிக்கு நடுவுல ஒரு உடம்பு பாலம் போட்டா ஷார்ட் சர்க்யூட். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா ஒரு அணில் விழுந்தா ஒரு ஃபீடர் போகும், மிஞ்சிப்போனா ஒரு ஏரியா இருட்டாகும். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கையில் ஒரு குரங்கு கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஏறியது. காலை 11 மணி தாண்டியிருந்த நேரம். கொஞ்ச நேரத்தில் நாடு முழுக்க கரண்ட் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை வரைக்கும் இரண்டு கோடிப் பேருக்கு மேல.

என் பெரியம்மா பொண்ணு கல்யாணமாகி கொழும்புல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்காங்க. அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணி, "லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடலை, டேங்க்ல தண்ணி இல்லை, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது. ஏதோ குரங்காம்டா"ன்னு சொன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கலை. "நீ கரண்டு படிக்கிறவன்தானே, ஒரு குரங்கு எப்படிடா ஒரு நாட்டையே நிறுத்தும், சொல்லு பாப்போம்"னு கேட்டாங்க.

அன்னைக்கு எனக்கு பதில் தெரியலை. ஸ்விங் ஈக்வேஷன்ல பதினாறு மார்க் கேள்வி எழுதிப் பாஸ் பண்ணவன்தான், ஆனாலும் தெரியலை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு லேட்டா வந்த பதில். உங்க டிபார்ட்மெண்ட் எதுவா இருந்தாலும் பரவாயில்லை, புரியும்.

முதல்ல ஒரு பம்பரம்

கரண்ட்டை வாங்கி வெச்சு அப்புறமா செலவு பண்ண முடியாது. பேட்டரி இருக்கேன்னு கேட்பீங்க. ஒரு நாட்டோட அளவுக்குப் பார்த்தா அது இன்னும் சின்ன விஷயம். அதனால ஒவ்வொரு விநாடியும் உற்பத்தி ஆகுறதும் செலவாகுறதும் சமமா இருக்கணும். நீங்க ஹாஸ்டல்ல அயர்ன் பாக்ஸ் போட்டா (வார்டனுக்குத் தெரியாமத்தான்), எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் அந்த அளவுக்குக் கூடுதலா உழைக்குது.

இந்தச் சமநிலை சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? ஃப்ரீக்வென்சியைப் பார்த்து. இந்தியாவிலும் இலங்கையிலும் அது 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி குறைஞ்சா 50-க்குக் கீழே இறங்கும், கூடினா மேலே ஏறும்.

நிலக்கரி, எரிவாயு, நீர்மின் நிலையங்களில் டன் கணக்கில் எடையுள்ள ரோட்டர்கள் சுத்திக்கிட்டு இருக்கும். நிலக்கரி நிலையத்து டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுத்து. ஒரு பெரிய பம்பரத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. கையை எடுத்தாலும் அது உடனே விழாது, கொஞ்ச நேரம் சுத்திட்டுத்தான் தள்ளாடும். அதே மாதிரி ஒரு மின்நிலையம் திடீர்னு கழண்டு போனா, மிச்சம் இருக்கிற ரோட்டர்கள் தங்களோட சுழற்சி ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுத்து, ஃப்ரீக்வென்சி சடார்னு விழாம தாங்கிப் பிடிக்கும். இதுக்குப் பேர்தான் இனெர்ஷியா. தமிழ்ல நிலைமம். யாரும் கட்டளை போடத் தேவையில்லை. நியூட்டன் பார்த்துக்குவார்.

இந்தத் தாங்கல் அஞ்சாறு விநாடிக்குத்தான். ஆனா அந்த விநாடிகள்லதான் கவர்னர் வால்வைத் திறக்கணும், ரிலே வேலை செய்யணும், தேவைப்பட்டா சில ஏரியாக்களைத் தானா கழட்டி விட்டு மிச்சத்தைக் காப்பாத்தணும்.

சோலார் பேனலில் சுத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. பேனல், இன்வெர்ட்டர், அவ்வளவுதான். கரண்ட் அருமையா வரும், ஆனா பம்பரம் கிடையாது. வழக்கமான இன்வெர்ட்டர் கிரிட்டில் ஏற்கனவே இருக்கிற ஃப்ரீக்வென்சியைப் பார்த்து அதைப் பின்தொடரும். தானா ஒரு ஃப்ரீக்வென்சியைப் பிடிச்சு வைக்காது.

ஒரு சின்னக் கணக்கு

இது புரியிறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள், இலங்கையோட நிஜ எண்கள் இல்லை. ஒரு கிரிட்டில் 2,000 எம்.வி.ஏ. அளவுக்குச் சுத்துற இயந்திரங்கள் இருக்குன்னு வைங்க. நிலைம மாறிலி 4 விநாடி. அதாவது, சுழற்சியில இருக்கிற ஆற்றலை மட்டும் வெச்சு 4 விநாடிக்கு முழுத் திறனைத் தர முடியும். இப்போ 200 மெகாவாட் திடீர்னு போயிடுது. ஃப்ரீக்வென்சி விழுற வேகம், போன மெகாவாட்டை 50-ஆல் பெருக்கி, இயந்திர அளவையும் மாறிலியையும் பெருக்கி வர்றதோட இரண்டு மடங்கால் வகுத்தா வரும். 10,000 வகுத்தல் 16,000. விநாடிக்கு 0.625 ஹெர்ட்ஸ்.

அதே கிரிட், அதே தேவை. ஆனா பாதியை சோலார் பார்த்துக்குது, அதனால பாதி இயந்திரங்களை நிறுத்திட்டாங்க. சுத்துறது 1,000 எம்.வி.ஏ. மட்டும். அதே 200 மெகாவாட் போனா? விநாடிக்கு 1.25 ஹெர்ட்ஸ். முன்னாடி இரண்டு விநாடியில் விழுந்த தூரம், இப்போ ஒரே விநாடியில் விழுது. ரிலே யோசிக்கிற நேரத்துக்குள்ள கதை முடிஞ்சிடும்.

இப்போ பாணந்துறைக்குப் போவோம்

அன்னைக்கு ஞாயிறு. ஆபீஸ் இல்லை, பெரும்பாலான ஃபேக்டரி இல்லை, தேவை குறைவு. பிப்ரவரி வெயில், அதனால வீட்டுக் கூரை சோலார் எல்லாம் முழு வீச்சில். மின்சார சபை பிற்பாடு சொன்ன கணக்குப்படி, அந்த நேரத்துத் தேவையில சுமார் பாதி சோலார்ல இருந்து வந்துக்கிட்டு இருந்தது. சோலார் ஏற ஏற, கட்டுப்பாட்டு அறையில இருக்கிறவங்க நீர்மின்னையும் எண்ணெய் நிலையங்களையும் குறைச்சிட்டே வரணும். நாட்டில் சுத்திக்கிட்டிருந்த பம்பரங்கள் கம்மி.

அப்போதான் குரங்கு. ஷார்ட் சர்க்யூட்னா கரண்ட் ஒரு பக்கம் கொட்டும், சுத்துவட்டாரத்தில் வோல்டேஜ் பள்ளம் விழும். கூரை இன்வெர்ட்டர்களை வோல்டேஜ் சரியில்லைன்னா கழண்டுக்கிற மாதிரிதான் பல காலமா செட் பண்ணுவாங்க. லைன்மேன் கம்பியில வேலை பார்க்கும்போது எங்கேயோ ஒரு கூரையிலிருந்து கரண்ட் வந்துடக் கூடாதேன்னு அது ஒரு பாதுகாப்பு. ஒரு வீட்டுக்கு அது நியாயம். ஆனா ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நொடியில கழண்டா, ஒரு மின்நிலையமே காணாமப் போன மாதிரி.

சமநிலை குலைஞ்சது. தாங்கிப் பிடிக்கப் போதுமான நிலைமம் இல்லை. நாட்டோட ஒரே நிலக்கரி நிலையமான நுரைச்சோலையின் மூணு யூனிட்டும் தங்களைப் பாதுகாக்கத் தானா நின்னுடுச்சு. அதோட எல்லாம் முடிஞ்சது.

ஆக, குரங்கு செஞ்சது ஒரு சாதாரண ஃபால்ட். அது மாதிரி ஃபால்ட் எந்த கிரிட்டிலும் அடிக்கடி வரும். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு சாதாரண ஃபால்ட்டைத் தாங்குற நிலைமையில அந்த கிரிட் அன்னைக்கு ஏன் இல்லைங்கிறதுதான்.

இது முதல் தடவையும் இல்லை. 2020 ஆகஸ்ட் 17-ல் கெரவலப்பிட்டி துணை மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையில நடந்த ஒரு தவறால் நாடே இருண்டது. 2021 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அப்படியே. அப்பல்லாம் குரங்கு இல்லை.

சின்ன நாடுன்னா என்ன கஷ்டம்?

நம்ம ஊரோட ஒப்பிட்டுப் பார்த்தா பளிச்சுனு தெரியும். கூடங்குளத்தில் ஒரு யூனிட் 1,000 மெகாவாட். அது திடீர்னு நின்னா பெரிய விஷயம்தான். ஆனா தமிழ்நாடு தனியா நிக்கலை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியா தென்னிந்திய கிரிட் மிச்ச இந்தியாவோட சேர்ந்தது. அதுலேர்ந்து காஷ்மீர் வரைக்கும் எல்லா ரோட்டரும் ஒரே தாளத்தில் சுத்துது. 2024 மே மாசம் இந்தியாவின் உச்சத் தேவை 2.5 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. அதுல 1,000 என்பது 0.4 சதவீதம். கொசுக்கடி.

இலங்கையில் இரவு உச்சத் தேவையே 2,800 மெகாவாட் பக்கம்தான். நுரைச்சோலையில் ஒரு யூனிட் 300. ஒண்ணு நின்னா பத்து சதவீதத்துக்கு மேல போச்சு. தேவை குறைவான ஞாயிறு மத்தியானத்தில் அந்தச் சதவீதம் இன்னும் எகிறும். சுத்திலும் கடல். கை கொடுக்கப் பக்கத்து கிரிட் இல்லை.

அப்போ சின்னச் சின்ன யூனிட்டா கட்டியிருக்கலாமேன்னு தோணும். சின்ன யூனிட்டுக்கு ஒரு யூனிட் கரண்ட்டோட விலை அதிகம். பெரிசாக் கட்டினா மலிவு, ஆனா விழுந்தா பலமா விழும். சின்ன நாடுகளோட இந்தத் தலைவலி நம்ம டெக்ஸ்ட் புக்கில் ஒரு பாராவோட முடிஞ்சிடும்.

தண்ணியில ஆரம்பிச்ச கதை

இலங்கையோட மின்சாரக் கதை தண்ணியில ஆரம்பிச்சது. டி.ஜே. விமலசுரேந்திர என்ற எஞ்சினியர், 1918-லேயே இலங்கையின் மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம்னு கணக்குப் போட்டு எஞ்சினியர்கள் சங்கத்தில் கட்டுரை வாசிச்சார். அவர் சொன்ன லக்சபான நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1950-ல். முப்பத்திரண்டு வருஷம்! ரிட்டையர் ஆகி, அரசியலுக்குப் போய், சட்டசபையிலும் இதையே பேசினவர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை கைடு இரண்டு வாரம் பார்க்கலைன்னா நாம புலம்புறோம்.

அப்புறம் மகாவலி ஆத்தில் 1980-களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் வந்தன. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். 1990-களின் நடுப்பகுதி வரைக்கும் நாட்டோட மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணிதான். லக்சபான பக்கத்து நீர்த்தேக்கங்களைச் சுத்தி இருக்கிறதெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க 19-ஆம் நூற்றாண்டில் நம்ம மாவட்டங்களிலிருந்து போன தமிழர்களோட வழிவந்தவங்க. அணை அவங்க கண்ணு முன்னாடி இருந்தும், லயன் வீடுகளுக்கு மின்சாரம் வந்தது மத்த இடங்களை விடப் பிந்தித்தான்.

தண்ணியை நம்பினா மழையை நம்பணும். 1996-ல் மழை பொய்ச்சது, நீண்ட மின்வெட்டு வந்தது. அவசரத்துக்கு எண்ணெய் நிலையங்களைக் கட்டினாங்க, அது விலை அதிகம். அதுக்கு மாற்றா நுரைச்சோலை. முதல் யூனிட் 2011, மத்த இரண்டும் 2014. மொத்தம் 900 மெகாவாட். ஆனா எண்ணெயும் நிலக்கரியும் இறக்குமதி. டாலர் வேணும்.

2022-ல் அந்த டாலர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு. அக்கா அப்போ மாசமா இருந்தாங்க. ராத்திரி மொட்டை மாடியில பாய் விரிச்சுப் படுத்ததைச் சொல்வாங்க. பல வருஷமா ஏத்தாம வெச்சிருந்த கட்டணத்தை அந்த ஆகஸ்ட்டில் சராசரியா 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏத்தினாங்க. வசதி இருந்தவங்க கடனை வாங்கியாவது கூரையில சோலார் போட்டாங்க. அரசாங்கமும் 2016-லிருந்தே போடச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தது.

அதனால குரங்கு சம்பவத்துக்கு அப்புறம் "சோலார்தான் காரணம்"னு பேச்சு வந்தப்போ அவங்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கு. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில தேவை குறையும்னு, 13-ஆம் தேதியிலிருந்து 21 வரைக்கும் பகல் 3 மணி வரை கூரை சோலாரை நீங்களே அணைச்சு வைங்கன்னு மின்சார சபை கேட்டுக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் வாங்கக் காசில்லாத நாடு, இலவசமா வர்ற வெயிலை வேண்டாம்னு சொல்ல வேண்டிய நிலைமை. கேட்டுக்கத்தான் முடிஞ்சது. ஏன்னா அந்தக் கூரைகள்ல பெரும்பாலானதை அணைக்கக் கட்டுப்பாட்டு அறையில ஸ்விட்ச் கிடையாது.

செத்த கிரிட்டை எப்படி எழுப்புறது?

இது பலருக்குத் தெரியாத சுவாரசியமான பகுதி. ஒரு மின்நிலையத்தை ஸ்டார்ட் பண்ணவே கரண்ட் வேணும். நிலக்கரி நிலையத்தில் பம்ப், ஃபேன், மில் எல்லாம் ஓடினாத்தான் பாய்லர் எரியும். நாடு முழுக்க கரண்ட் இல்லைன்னா?

இங்கதான் விமலசுரேந்திர வழி கை கொடுக்குது. நீர்மின் நிலையத்துக்குக் கொஞ்சம் பேட்டரியும் ஒரு சின்ன டீசல் செட்டும் போதும். கதவைத் திறந்தா தண்ணி தானா வரும், டர்பைன் சுத்தும். அதுக்குப் பேர் பிளாக் ஸ்டார்ட். மலையில ஒரு நிலையம் எழுந்து, ஒரு லைனுக்கு உயிர் கொடுக்கும். அதில் கொஞ்சம் ஊர்களைச் சேர்ப்பாங்க. ஒரேயடியா சேர்த்தா மறுபடி விழுந்துடும். பல மணி நேரமா ஆஃப் ஆகியிருந்த ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகுமே. இப்படித் தனித்தனித் தீவா எழுப்பி, ஃப்ரீக்வென்சியும் ஃபேஸும் பொருத்திப் பார்த்து ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும். லேப்ல மூணு பல்பு வெச்சு சின்க்ரனைசேஷன் பண்ணோமே, அதுதான். ஆனா ஒரு நாட்டோட அளவில்.

அன்னைக்கு முழுசா கரண்ட் வர சாயங்காலம் ஆயிடுச்சு. அதோட முடியலை. நுரைச்சோலை நின்னா, பாய்லரையும் டர்பைனையும் மெதுவாத்தான் சூடாக்கிக் கொண்டு வரணும், அவசரப்பட்டா உலோகம் விரிசல் விடும். சில நாள் ஆகும். அதனாலதான் அடுத்த இரண்டு நாளும் சுழற்சி முறையில மின்வெட்டு. முதல் நாள் ஒன்றரை மணி நேரம். பகல்ல அதிகமா இருந்த கரண்ட், ராத்திரி பத்தலை.

சரி, தீர்வு?

இருக்கு. புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பணம்தான் வேணும்.

முதல்ல பேட்டரி. பகல் சோலாரை ராத்திரிக்குச் சேமிக்கிறது ஒரு பயன். ஃப்ரீக்வென்சி விழும்போது ஒரு விநாடிக்குள்ள மெகாவாட்டைக் கொட்டித் தாங்கிப் பிடிக்கிறது அதை விடப் பெரிய பயன். அடுத்து சின்க்ரனஸ் கண்டென்சர். எரிபொருளே இல்லாம கிரிட்டோட சேர்ந்து சும்மா சுத்துற இயந்திரம். மின்சாரம் தயாரிக்காது, ஆனா பம்பரமா நிக்கும். மூணாவது, இன்வெர்ட்டர் விதிகள். சின்ன வோல்டேஜ் பள்ளத்துக்குக் கழண்டு ஓடாம தாக்குப்பிடிக்கிற மாதிரி செட்டிங் மாத்துறது. இது மூணுலயும் செலவு கம்மி. நாலாவது, மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி. மத்தியானம் மிஞ்சுற சோலார்ல தண்ணியை மேலே ஏத்தி, ராத்திரி இறக்குறது. மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு இப்படி ஒரு திட்டம் பேச்சில் இருக்கு.

அஞ்சாவது நமக்குச் சம்பந்தப்பட்டது. மதுரைப் பக்கத்தையும் அனுராதபுரத்தையும் கடலுக்கடியில டி.சி. லைனால் இணைக்கிற யோசனை பல வருஷமா இருக்கு. 2025 ஏப்ரல் 5-ல் இரண்டு நாடும் மின் இணைப்புக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க. ஈ.ஈ.ஈ. ஆளுங்க இங்கே கவனிங்க. டி.சி. வழியா நம்ம பம்பரங்களோட நிலைமம் தானா அந்தப் பக்கம் போகாது. ஆனா கன்வெர்ட்டரைச் சரியா கண்ட்ரோல் பண்ணா, ஃப்ரீக்வென்சி விழும்போது சட்டுனு பவர் அனுப்ப வைக்கலாம்.

இதெல்லாம் இலங்கைப் பிரச்சினைன்னு நினைச்சிடாதீங்க. நம்ம ஊரிலும் காத்தாலையும் சோலாரும் ஏறிக்கிட்டே இருக்கு. நாம இன்னும் விழாததுக்குக் காரணம் நம்ம புத்திசாலித்தனம் மட்டும் இல்லை, பின்னாடி ஒரு துணைக்கண்டமே சேர்ந்து சுத்துது. இலங்கைக்கு அந்த வசதி இல்லாததால, நமக்கு நாளைக்கு வரக்கூடிய கேள்வி அவங்களுக்கு இன்னைக்கே வந்துடுச்சு. அதுக்கு பதில் தேடப் போறது நம்ம பேட்ச் மாதிரி ஆளுங்கதான். ஐ.டி.க்குப் போறவங்களும்தான், கிரிட் கண்ட்ரோல் முழுக்க சாஃப்ட்வேர்.

இதை எழுதி முடிச்சதும் அக்காவுக்குப் போன் பண்ணி, பம்பரத்துல ஆரம்பிச்சு இருபது நிமிஷம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்போ குரங்கு மேல தப்பில்லை, கூரையில சோலார் போட்ட எங்க ஹவுஸ் ஓனர் மேலயும் தப்பில்லை"ன்னாங்க. ஆமாக்கா, ஒரு குரங்கைத் தாங்குற மாதிரி கிரிட்டைக் கட்டுறது எஞ்சினியருங்க வேலைன்னேன். "சீக்கிரம் படிச்சு முடிடா"ன்னு வெச்சுட்டாங்க.

கணக்குல சந்தேகம் இருந்தா மெஷின்ஸ் லேப் பக்கம் வாங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கதான் இருப்பேன், ரெக்கார்ட் நோட் இன்னும் முடியலை.